பனி இல்லாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?



இந்தக் காலாண்டு இதழுக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, ஏதாவது கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் எழுதப்போவது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் ரேடியேட்டரைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பெயரில் ஒரு பழைய பற்று நிலுவையில் நிற்கிறது. அதை இன்று நேர் செய்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் பொருளாளராக இருந்த சமயம், நம் ஜெனரேட்டரை சர்வீஸ் செய்ய வந்த மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்டில் 'கூலன்ட் மாற்றுதல்' என்று ஒரு வரி இருந்தது. சில ஆயிரம் ரூபாய். விசாரித்தேன். கூலன்ட் என்றால் ஆன்டிஃப்ரீஸ், தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவது என்று ஒருவர் சொன்னார். "சென்னையில் பனிக்கட்டியா உறைகிறது?" என்று கேட்டு, சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். கமிட்டியில் எல்லோரும் சிரித்து ஆமோதித்தார்கள். அன்று முதல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் வாட்ச்மேன் போர் தண்ணீரை ஊற்றினார்.

இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் ஒரு நீண்ட மின்வெட்டு. ஜெனரேட்டர் சூடேறி மூன்று முறை தானாக நின்றது. மூன்று முறையும் நாங்கள்தான் மறுபடி ஸ்டார்ட் செய்தோம். நான்காம் முறை நின்றது எழுந்திருக்கவில்லை. ஆறாவது மாடியில் இருக்கும் அம்மா லிஃப்டில் இருபது நிமிடம் இருட்டில் நின்றிருந்தார். ரேடியேட்டர் அடைப்பு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று வந்த பில், நான் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு. மெக்கானிக் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சார், அது பனிக்கு இல்லை, துருவுக்கு."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? மோட்டார் வாகன வரலாறுகளைத் தேடிப் படித்தேன். நான் செய்த அதே தப்பை ஒரு நாடே செய்திருக்கிறது, அதனால் ஒரு நல்ல காரின் பெயரே கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

தண்ணீரைக் குடித்த வண்டிகள்

பெட்ரோல் இன்ஜினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்போ அலுமினியமோ அதைத் தாங்காது. எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் காற்றில் விட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இன்ஜின் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் உரிமம் பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். மறுபடி ஊற்ற வேண்டும். 1888-ல் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் தம் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

இதற்கு விடை கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்காக, 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். தேவைப்பட்ட தண்ணீரின் அளவு பாதியாகக் குறைந்தது. இன்றைய கார், லாரி, ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் இருப்பது அந்தத் தத்துவம்தான்.

பிரிட்டனில் சாமானியனைக் காரில் ஏற்றியது 1922-ல் வந்த ஆஸ்டின் செவன். அதன் ஆரம்ப மாடல்களில் வாட்டர் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்தச் சுற்று ஒன்றை நம்பியே வண்டி ஓடியது. மழையும் குளிரும் மிகுந்த இங்கிலாந்துக்கு அது போதும். இந்தச் சிறு காரை மாற்றியமைத்துப் பந்தயத்துக்கு ஓட்டிய இளைஞர்கள் ஏராளம். பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் கட்டிய முதல் காரும் ஆஸ்டின் செவனிலிருந்து பிறந்ததுதான்.

ரேடியேட்டர் மூடியும் குக்கரும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. டாலர் வேண்டும் என்றால் ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்றுமதி செய்யும் கார் கம்பெனிக்குத்தான் உருக்கு ஒதுக்கீடு. அப்படி அபிங்டன் ஊரின் தொழிற்சாலையிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறியது எம்.ஜி. டி.சி. என்ற சின்ன இரண்டு இருக்கைக் கார். பிறகு ஜாகுவார், ஆஸ்டின் ஹீலி, டிரையம்ஃப் என்று வரிசையாகப் போயின. ஆக்ஸ்ஃபோர்டின் தூறலுக்காகச் செய்த வண்டிகள் கலிஃபோர்னியா வெயிலில் நெரிசலில் நின்று கொதித்தன.

நிவாரணங்களில் முக்கியமானது ஒரு மூடி. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்குத்தான். நம் வீட்டுக் குக்கரில் வெயிட் போட்டதும் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு ஏறுகிறதல்லவா? அதே வேலைதான். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பவுண்டு மூடி என்றால் சுமார் 118 வரை தாங்கும்.

டி.சி.யின் ரேடியேட்டருக்கு அழுத்த மூடி இல்லை. 1953-ல் வந்த எம்.ஜி. டி.எஃப். காரில் அழுத்த முறை வந்துவிட்டது. ஆனால் ரேடியேட்டரின் உச்சியில் மூடி தெரிய வேண்டும் என்பது வாடிக்கையாளரின் ஆசை. அதனால் வெளியே ஒரு பொய் மூடியை வைத்து, உண்மையான மூடியை பானெட்டுக்கு அடியில் வைத்தார்கள்.

அந்த மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்தால், அத்தனை டிகிரி லாபமும் போய்விடும். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். பழைய கார் சூடேறுகிறது என்றால் அனுபவசாலி முதலில் மாற்றிப் பார்ப்பது இந்த மலிவான மூடியைத்தான். ஆனால் இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். குக்கருக்குச் சொல்லும் அதே எச்சரிக்கைதான்.

ஒரு பெயர் செய்த தீங்கு

குளிர்நாட்டில் சூட்டைவிடப் பழைய எதிரி பனிதான். தண்ணீர் உறைந்தால் விரியும். வார்ப்பிரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் இரவில் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் புதிதாக ஊற்றிக் கிளப்புவார்கள்.

எத்திலீன் கிளைகால் என்ற திரவம் வந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினில் முதலில் ஏறக்குறைய முழுவதும் கிளைகாலே ஓடியது. பிறகு 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு கிளைகால் என்று மாற்றி, அழுத்தத்தோடு ஓடவிட்டார்கள். காரணம், சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணையில்லை.

கார்க்காரர்களுக்காகக் கடைக்கு வந்த கிளைகாலில் இன்னொரு சரக்கும் கலந்திருந்தது. துருவைத் தடுக்கும் ரசாயனங்கள். பிளாக் இரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், இணைப்புகளில் ஈயப் பற்று. இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் ஊறினால் ஒன்றை ஒன்று அரிக்கும். அதைத் தடுப்பதுதான் அந்த ரசாயனங்களின் வேலை. ஆனால் டப்பாவின் மேல் இருந்த பெயர் ஆன்டிஃப்ரீஸ், அதாவது உறைதடுப்பான். பெயரைப் படித்தவர்கள் அதை நம்பினார்கள். இலையுதிர் காலத்தில் ஊற்றுவது, வசந்தத்தில் வடித்துவிட்டுக் கோடைக்கு வெறும் தண்ணீர் விடுவது என்று பல பிரிட்டிஷ் கார்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். கோடையில்தான் பனி இல்லையே! நான் சிவப்பு மையால் அடித்ததும் இதே நியாயத்தில்தான்.

முழுக்க இரும்பாலான இன்ஜின்கள் இந்தப் பழக்கத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டன. அதற்கு நல்ல உதாரணம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

பொறுமைசாலி: ஸ்பிட்ஃபயர்

விமானத்தின் பெயரை வாங்கிக்கொண்டு 1962-ல் வந்த இந்தச் சிறு ஸ்போர்ட்ஸ் காரை இத்தாலியின் மிக்கேலொட்டி வடிவமைத்தார். டிரையம்ஃப் கம்பெனியிடம் பணம் இல்லாமல் திட்டம் நின்றுபோயிருந்தது. 1961-ல் லேலண்ட் நிறுவனம் கம்பெனியை வாங்கியபோது, தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்தி மூடியிருந்த மாதிரி வண்டியைக் கண்டெடுத்து உற்பத்திக்கு அனுப்பினார்கள். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இதன் இன்ஜின் 1953-ன் ஸ்டாண்டர்டு எய்ட் காரின் 803 சி.சி. இன்ஜினின் வாரிசு. 1147, 1296, 1493 சி.சி. என்று வளர்ந்தது. சட்டம் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் வழி வந்தது. ஹெரால்டு என்றதும் நம்மில் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த அதே ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். ஸ்பிட்ஃபயர் நம் ஊர் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் மேனேஜர் ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். கிராமங்களுக்குக் கடன் ஆய்வுக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். பாதி வழியில் ஆவி கிளம்பும். வண்டியை மரத்தடியில் நிறுத்தி, முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் திறப்பதுபோல முன்னோக்கித் தூக்குவார். அரை மணி நேரம் காத்திருந்து, பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்வார். கிணற்றுத் தண்ணீரின் உப்பு வாட்டர் ஹீட்டர் காயிலில் படிவதுபோல ரேடியேட்டர் குழாய்களிலும் படியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த ஆய்வுக்கு இன்னும் சீக்கிரம் ஆவி கிளம்பியது.

ஸ்பிட்ஃபயரிலும் அதேபோல முன்பக்கம் முழுவதும் தூக்கப்படும்; ரேடியேட்டர் வேலைக்கு அதைவிட வசதி வேறு காரில் இல்லை. ரேடியேட்டர் பக்கத்தில் அழுத்திய அட்டையால் ஆன தடுப்புகள் இருக்கும். பார்த்தால் பார்சல் அட்டை மாதிரி இருக்கும். பழைய வண்டிகளில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் முன்னால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். வெயில் நாளில் முள் ஏறும். எறிந்தவர்கள் இன்று கடையில் காசு கொடுத்துப் புது அட்டை வாங்கிப் பொருத்துகிறார்கள்.

பலியானது: ஸ்டாக்

அதே டிரையம்ஃப், அதே மிக்கேலொட்டி. 1970-ல் ஸ்டாக் என்ற நான்கு இருக்கைத் திறந்த கார் வந்தது. பார்ப்பவர் கண்ணை எடுக்க மாட்டார். 2997 சி.சி., எட்டு சிலிண்டர், பிளாக் வார்ப்பிரும்பு, இரண்டு ஹெட்டும் அலுமினியம்.

இங்கேதான் வினை. இரும்பும் அலுமினியமும் துருத்தடுப்பு இல்லாத தண்ணீரில் சேர்ந்து இருந்தால், ஒரு பேட்டரிக்குள் நடப்பது நடக்கும், அலுமினியம் கரையும். கோடையில் வெறும் தண்ணீர் விட்டுப் பழகியவர்கள் ஸ்டாக்கிலும் அதையே செய்தார்கள். கரைந்த உலோகமும் துருவும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்தன. வார்ப்படத்தில் மிஞ்சிய மணலும் சில பிளாக்குகளில் இருந்தது. போதாக்குறைக்கு வாட்டர் பம்ப் இன்ஜினின் உச்சியில் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றைக் குடிக்கும், சுழற்சி நின்றுவிடும். சூடேறிய அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. வெப்பமானியின் உணர்கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீரே இல்லாமல் போனால் சில சமயம் முள் கீழே இறங்கும். ஓட்டுபவர் "பரவாயில்லை, ஆறிவிட்டது" என்று நினைப்பார். உள்ளே எல்லாம் முடிந்துகொண்டிருக்கும். கணக்கில் திடீரென்று செலவு குறைந்தால் சந்தோஷப்படாதே, எந்த வவுச்சர் விட்டுப்போனது என்று பார் என்று எங்கள் வங்கியில் சொல்வார்கள். அதே பாடம்.

1977-ல் ஸ்டாக் உற்பத்தி நின்றபோது விற்றிருந்தது 25,000-க்குச் சற்று அதிகம். சூடேறும் கார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பலர் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி இன்ஜினைப் பொருத்தினார்கள். குற்றம் முழுவதும் வண்டி வைத்திருந்தவர்களுடையது அல்ல. வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறைகள் இருந்தன. ஆனால் கதையின் மறுபாதிதான் எனக்கு முக்கியம். அதே இன்ஜினை வைத்துக்கொண்டு இன்றும் ஸ்டாக் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல ரேடியேட்டர், தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு, ஆண்டு முழுவதும் கூலன்ட், குறித்த தேதியில் மாற்றுவது. அவ்வளவுதான்.

பராமரிப்பு என்றால் என்ன செய்கிறார்கள்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூலன்டை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். கிளைகால் அப்படியே இருக்கும். ஆனால் துருத்தடுப்பு ரசாயனங்கள் செலவாகிக்கொண்டே வரும். பச்சை நிறம் மாறாமல் இருப்பதால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாங்கள் தேய்மானம் எழுதுவதும் இதற்காகத்தான். மேசை பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதன் மதிப்பு வருடா வருடம் குறைகிறது.

கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது உப்பு நீக்கிய தண்ணீர் மட்டும். பழைய பித்தளை ரேடியேட்டர்களுக்கு அந்தக் காலத்து வகைக் கூலன்ட்தான் ஏற்றது என்று பலர் புதிய வகைகளைத் தொடுவதில்லை.

வடிக்கும்போது ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கிலும் ஒரு குழாய் இருக்கும். கசடு முழுவதும் பிளாக்கின் அடியில், பெரும்பாலும் கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் தங்கும். அந்தக் குழாயைத் திறந்தும் சொட்டு வரவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியால் குத்திவிட்டு, தண்ணீரை எதிர்த்திசையில் பீய்ச்சி அலசுவார்கள்.

நிரப்பும்போது ஹீட்டர் குழாயைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றுவார்கள். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் உலோகம் வெந்துபோகும்.

ரப்பர் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சாகத் தொய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் இறங்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய மாட்டார்கள். "அதைக் கழற்றிவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும்" என்பது நம் ஊரிலும் உள்ள நம்பிக்கை. எம்.ஜி.பி. காரின் கையேட்டில் வெப்ப நாடுகளுக்கு 74, சாதாரண நாடுகளுக்கு 82, குளிர் நாடுகளுக்கு 88 டிகிரி என்று மூன்று தெர்மோஸ்டாட் சொல்லியிருக்கிறார்கள். வெப்ப நாட்டுக்கும் ஒன்று உண்டு என்பதைக் கவனியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அது திறக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கிளைகால் விஷம், ஆனால் இனிக்கும். வடித்ததைத் தரையில் விட்டால் நாய், பூனை நக்கும். குழந்தைகள் இருக்கும் வளாகத்தில் இதை மறக்கவே கூடாது.

நம் கணக்குக்கு வருகிறேன்

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஸ்பிட்ஃபயரோ ஸ்டாக்கோ வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஆனால் தரைத்தளத்தில் பச்சைப் பெட்டிக்குள் நம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. அதிலும் இதே தண்ணீர், இதே பம்ப், இதே மூடி, இதே துரு.

அன்று கேஸ்கெட் பில் வந்தபோது கணக்குப் புத்தகத்தில் 'ஜெனரேட்டர் ரிப்பேர்' என்று மட்டும் எழுதினேன். காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆறாவது மாடி அம்மாவிடம் மட்டும் போன மாதம் நேரில் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் போகட்டும் தம்பி, இப்போது ஊற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஊற்றியிருக்கிறோம், தேதியையும் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம் என்றேன்.

அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, கூலன்டுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும். தொகை சிறியதுதான். "நம் ஊரில் இது எதற்கு?" என்று யாருக்காவது தோன்றினால் கேளுங்கள், தப்பில்லை. பதில் சொல்ல நான் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பேன்.